பெரியம்மாவின் கேள்வி

1

2025 ஜூன் மாதம் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. மறுவாரம் பார்க்கப் பட்டர்வொர்த் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். "மைக்ராஸ்கோப்ல பார்க்குற வேலை" என்று பெரியம்மா சொல்ல, ஏதோ ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் என்று நினைத்து அவர் மரியாதையைக் கொஞ்சம் கூட்டிவிட்டாராம். "நானும் ஒண்ணும் சொல்லல. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்" என்று சிரித்தார்.

பெரியம்மா 1976இல், பதினெட்டு வயதில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் ஓப்பரேட்டராகச் சேர்ந்தவர். வேலையின் பெயர் பாண்டிங். நகத்தின் நுனியளவு இருக்கும் சிலிக்கான் சில்லை ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். சில்லில் இருக்கும் புள்ளிகளையும் சட்டத்தின் கால்களையும் தங்கக் கம்பியால் இணைக்க வேண்டும். கம்பி தலைமுடியைவிட மெல்லியது. உருப்பெருக்கியில் கண்ணை வைத்தபடி, ஒரு முனையைச் சில்லில் அழுத்தி, வளைத்து, மறுமுனையைக் காலில் அழுத்தி அறுக்க வேண்டும். ஒரு சில்லுக்குப் பதினாறு கம்பி என்றால் பதினாறு முறை. இப்படி எட்டு மணி நேரம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது என்பார்.

நானும் இப்போது அதே பாயான் லெப்பாஸில்தான் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். வேறு நிறுவனம், வேறு காலம். "இப்ப மிஷின் ஒரு வினாடிக்குள்ள பத்துக் கம்பி போட்டுரும் பெரியம்மா" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"அப்பவும் மிஷின் செஞ்சிருப்பாங்கடா. நாங்க மிஷினவிட மலிவு, அவ்வளவுதான்."

அன்று வாசலில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. அந்த மாதம்தான் சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. கல்லூரி தன் வருடாந்திர உலகப் போட்டித்திறன் பட்டியலை வெளியிட்டிருந்தது. மலேசியா 34ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடத்துக்கு ஏறியிருந்தது. போனில் செய்தியைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டார்:

"நாங்க மலிவா இருந்தோம், வந்தானுங்க. சரி. அப்புறம் எங்களவிட மலிவா எத்தனையோ நாடு வந்துருச்சே. இன்னும் ஏன்டா இங்கயே இருக்கானுங்க?"

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நான்கு வருடப் பட்டப்படிப்பில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அதன் பிறகு சில மாதங்கள் படித்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். 1817இல் டேவிட் ரிக்கார்டோ எழுதிய நூலில் இங்கிலாந்தின் துணியும் போர்த்துகலின் திராட்சை மதுவும் உதாரணங்களாக வரும். ஒரு நாடு எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியதில்லை, ஒப்பீட்டளவில் எதில் அதற்குச் சாதகம் அதிகமோ அதைச் செய்து மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். பள்ளியில் இதைப் படிக்கும்போது சரியாகத்தான் பட்டது. போர்த்துகலில் திராட்சை விளையும், மலாயாவில் ரப்பரும் ஈயமும் கிடைக்கும்.

பால் குருக்மன் 1994இல் வேறொரு கோணத்தில் எழுதினார். நாடுகளை நிறுவனங்களைப் போல ஒன்றோடொன்று மோதவிட்டுப் பேசுவது ஆபத்தான மோகம் என்றார். நிறுவனம் தோற்றால் கடையை மூடிவிட்டுப் போகலாம், நாடு எங்கே போகும்? மக்களின் வாழ்க்கைத் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது உள்நாட்டு உற்பத்தித்திறன்தான் என்பது அவர் முடிவு. அதாவது, ஒரு மணி நேர உழைப்பிலிருந்து ஒரு தொழிலாளியால் எவ்வளவு மதிப்பை உண்டாக்க முடிகிறது என்பது.

இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. சாதகம் என்பது மண்ணில் கிடப்பதா, உண்டாக்கிக்கொள்வதா? உண்டாக்கிக்கொள்வதென்றால் யார் கையில் உண்டாகிறது?

எங்கள் குடும்பத்தில் இதற்கு முதல் பாடம் பாட்டி. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரில் மலாயாவுக்கு இருந்த சாதகம் வெறும் மழையும் வெயிலும் அல்ல. மரம் பிரேசிலில் இருந்து வந்தது. 1876இல் ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டு சிங்கப்பூருக்கு நாற்றுகளாக வந்து சேர்ந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லி வகுத்துக் கொடுத்தார். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. நல்ல விளைச்சல் தரும் புதிய ரகங்களை அது உருவாக்கியது.

அறிவு நம்மிடம் இருந்தது. ஆனால் தோட்டத்தைப் பொறுத்தவரை கணக்கு எப்போதும் ஒன்றுதான்: கூலி குறைவாக இருக்க வேண்டும். 1990 வாக்கில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாவை முந்தின. தாய்லாந்தில் இன்றும் பரவலாக நிற்பது நம் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம்தான். விதை நம்முடையது, மலிவான கூலி அவர்களுடையது. மலிவை மட்டும் நம்பிய தொழில் அதைவிட மலிவான இடத்துக்கு நகர்ந்துவிடும் என்பதைப் பாட்டியின் லயம் காலியானபோதே நாம் பார்த்துவிட்டோம்.

3

பெரியம்மாவின் கதை 1969இல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. 1786இலிருந்து அந்தத் தீவு வாழ்ந்ததே வந்திறங்கும் சரக்கை மறு கப்பலில் ஏற்றிவிட்டுத்தான். அது போனதும் வேலையில்லாதோர் விகிதம் 15 விழுக்காட்டை ஒட்டிப் போனது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் கெராக்கான் கட்சி மாநிலத்தைப் பிடித்தது. மருத்துவரான லிம் சோங் யூ முதலமைச்சரானார். பினாங்கு வளர்ச்சிக் கழகமும், பிற்காலத்தில் அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய பினாங்கு பல்கலைக்கழகமும் அதே 1969இல்தான் பிறந்தன. ஒரே ஆண்டில் ஒரு கதவு மூடி மூன்று கதவு திறந்தது என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று வேலை தேடி அலைந்தவர்களுக்கு மூடிய கதவு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

1970இல் வந்த நாதன் அறிக்கை, பழைய துறைமுக வாழ்க்கை திரும்பாது, ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மாறுங்கள் என்றது. 1971இல் தடையற்ற வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. இறக்குமதி செய்யும் மூலப்பொருளுக்கும் ஏற்றுமதி செய்யும் பொருளுக்கும் தீர்வை கிடையாது, முன்னோடித் தகுதி பெற்ற நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் வருமான வரி கிடையாது. 1972இல் பாயான் லெப்பாஸில் வட்டாரம் திறந்தது. இண்டெல் ஐந்து ஏக்கர் வயல்வெளியில், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைக் கட்டியது. ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், லிட்ரோனிக்ஸ் என்று மற்றவை அடுத்தடுத்து வந்தன. இந்த எட்டையும் பினாங்குக்காரர்கள் "எட்டு சாமுராய்கள்" என்பார்கள்.

ஏன் இங்கே? ஆங்கிலம் தெரிந்த நிர்வாகம், விமான நிலையம் பக்கத்தில், வரி இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் முக்கியமாக விற்கப்பட்டது வேறு. அக்காலத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக மலேசிய அரசு அச்சிட்ட ஒரு கையேடு, கீழைநாட்டுப் பெண்களின் கைகள் சிறியவை, வேகமானவை, இந்த வேலைக்கு இயல்பாகவே பொருந்தியவை என்று விளம்பரம் செய்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இயல்பாவா? முதல் மூணு மாசம் கம்பி அந்து அந்து போவும். சூப்பர்வைசர் திட்டாத நாளில்ல. அழுதுகிட்டே கத்துக்கிட்டோம்."

கையேட்டில் விட்டுப்போன விஷயம் இதுதான். அவர்கள் இயல்பு என்றது உண்மையில் மூன்று மாதப் பயிற்சி. இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகச் சம்பளம் தர வேண்டியதில்லை.

1985இல் பாலம் திறக்கும்வரை பெரியம்மா ஃபெர்ரியில்தான் கடலைக் கடந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால்தான் ஃபெர்ரியைப் பிடித்து, அக்கரையில் நிற்கும் பேக்டரி பஸ்ஸைப் பிடிக்க முடியும். நாள் சம்பளம் நாலு வெள்ளிச் சொச்சம். தோட்டத்தைவிட மேல், குளிர்சாதனம் வேறு. மலாய்ப் பெண்களை ஊரே "மினா காரான்" என்று கேலி செய்தது. தமிழ்ப் பெண்களுக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, பேச்சு மட்டும் இருந்தது. மின்னியல் தொழிலாளர்கள் சங்கம் வைக்க அரசாங்கம் 1988வரை அனுமதிக்கவில்லை. அப்போதும் நிறுவனத்துக்குள் மட்டும் தனித்தனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். மலிவு தானாக நிகழவில்லை. அதைச் சட்டம் போட்டுக் காத்தார்கள்.

4

இதே ஆட்டத்தை ஆடிய நாடுகள் வேறும் உண்டு. தைவான் நமக்கு முன்பே, 1966இல், காவ்சியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி உற்பத்தி வட்டாரத்தைத் திறந்தது. அங்கேயும் பெண்கள்தான், அங்கேயும் வரிச்சலுகைதான்.

வேறுபாடு பிறகு வருகிறது. 1973இல் தைவான் அரசு தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை அமைத்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆர்.சி.ஏ. தன் சில்லு செய்யும் நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும், தைவான் அதற்குப் பணம் தரும். இளம் பொறியாளர்கள் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். அந்த நுட்பம் அன்றைக்கே கொஞ்சம் பழையது. ஆனாலும் கற்றுக்கொண்டது முழு வேலையை: வடிவமைப்பது, சிலிக்கான் தகட்டில் சுற்றைப் பதிப்பது, பழுது கண்டுபிடிப்பது. அதிலிருந்து 1980இல் யு.எம்.சி. பிறந்தது. 1987இல் அரசும் ஃபிலிப்ஸும் முதல் போட, மோரிஸ் சாங் தலைமையில் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

தைவானைக் கோயிலாக்க வேண்டாம். அதே ஆர்.சி.ஏ.வின் தாவ்யுவான் தொழிற்சாலை நச்சுக் கரைப்பான்களைக் கொட்டி நிலத்தடி நீரைக் கெடுத்தது 1994இல் வெளிவந்தது. புற்றுநோய் வந்த தொழிலாளர்கள் பல்லாண்டு போராடி, 2015இல்தான் நீதிமன்றத்தில் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றார்கள். விலை கொடுத்தவர்கள் அங்கேயும் பெரியம்மாக்கள்தான்.

சிங்கப்பூர் வேறொன்று செய்தது. 1979இல், கூலி மலிவு என்பதற்காக வரும் தொழில்கள் இனி வேண்டாம் என்று முடிவெடுத்து, தேசியச் சம்பள மன்றத்தின் மூலம் மூன்று ஆண்டுகளுக்குச் சம்பளங்களை வேண்டுமென்றே தூக்கியது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் திறன் மேம்பாட்டு நிதி நடத்தியது. 1985 பொருளாதார மந்தம் வந்தபோது, சம்பளத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டோமா என்ற கேள்வி எழுந்து முதலாளிகளின் மத்திய சேமநிதிச் சந்தாவை வெட்டினார்கள். எனவே அதுவும் நேர்கோடு இல்லை. ஆனால் திசை தெளிவாக இருந்தது. கூலி ஏறினால் முதலாளி இயந்திரம் வாங்குவான், இயந்திரம் வந்தால் அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆளை நாம் தயார் செய்வோம்.

5

சரி, பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். ஏன் இன்னும் இருக்கிறார்கள்?

பாயான் லெப்பாஸில் இண்டெலின் அந்த முதல் தொழிற்சாலை 1975இல் தீயில் எரிந்துபோனது. மூட்டைகட்டிக்கொண்டு கிளம்ப அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கிளம்பவில்லை, திரும்பக் கட்டினார்கள். மூன்று வருடத்தில் அந்த வேலையைக் கற்றுக்கொண்ட ஆட்கள் இங்கே இருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தத் தொழிலில் பொருள் நிலையாக இருப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை சில்லு மாறும், லைன் முழுவதையும் மாற்றி அமைக்க வேண்டும். புது லைனில் முதல் மாதம் பாதிச் சில்லு பழுதாக வரும். ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கம்பி அறுவது வெப்பத்தாலா, ஈரப்பதத்தாலா, அச்சு தேய்ந்ததாலா என்று பார்த்தவுடன் சொல்லும் டெக்னீசியனை வரிச்சலுகை கொடுத்து உருவாக்க முடியாது. பத்து வருடம் அந்த லைனில் நின்றால்தான் உருவாவார். எண்பதுகளில் கை பாண்டிங் போய்த் தானியங்கி இயந்திரம் வந்தபோது, பழைய ஓப்பரேட்டர்களில் சிலர் அந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பட்டறைகள் முளைத்தன. அச்சு, பிடிகருவி, உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள். நள்ளிரவில் லைன் நின்றால் பாகத்தை கலிபோர்னியாவிலிருந்து வரவழைக்க முடியாது, பிறையில் இருப்பவனைத் தட்டி எழுப்பலாம். பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பழகிய பொறியாளர்கள் வெளியே வந்து சொந்த நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 1991இல் பெந்தாமாஸ்டர், 2000இல் விட்ரோக்ஸ். சில்லில் இருக்கும் பழுதைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் விட்ரோக்ஸ் இயந்திரங்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. பெரியம்மா கண்ணால் செய்த வேலையின் பேரப்பிள்ளை அது.

1989இல் இன்னொன்று நடந்தது. ஒருவர் பயிற்சி கொடுத்த ஆளை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவதே நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. போட்டி நிறுவனங்கள், மாநில அரசு, கல்வியாளர்கள் எல்லாரும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் முட்டிக்கொள்பவர்கள் ஒரே வகுப்பறைக்குப் பணமும் இயந்திரமும் கொடுத்தார்கள். ஆளை யார் தூக்கினாலும் ஆள் பினாங்கில்தான் இருப்பான் என்ற கணக்கு.

ஆக, என் பதில் இது. மலிவு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது, பழகிய கைகள் பிடித்து வைத்துக்கொண்டன. உலகச் சில்லுகளின் பொதியல், சோதனை வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடக்கிறது. ஐம்பது வருடங்களாக இந்தத் தீவிலும் அக்கரையிலும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்ந்த விஷயம் அது.

6

இதோடு முடித்தால் சுதந்திர தின உரை ஆகிவிடும். மீதியையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் ஆள் பற்றாக்குறை வந்து கூலி ஏறத் தொடங்கியபோது, சிங்கப்பூர் 1979இல் நின்ற அதே முச்சந்தியில் நாம் நின்றோம். நாம் அதிகமாகத் தேர்ந்தெடுத்த வழி, வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவருவது. பெரியம்மாவின் நாற்காலியில் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். 2014இல் வெரிடே என்ற அமைப்பு மலேசிய மின்னியல் துறையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தியது. அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருந்தார்கள்: ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், பறிக்கப்பட்ட பாஸ்போர்ட். அந்தப் பெண்களும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பெர்மிட் முடிந்ததும் கற்றதோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாம் சேர்த்துவைக்கும் பாத்திரத்தில் நாமே போட்ட ஓட்டை அது.

மேலே இன்னோர் ஓட்டை. 2011இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் என்று கணக்கிட்டது. பாதிக்கு மேல் சிங்கப்பூரில். என் பல்கலைக்கழக நண்பர்களில் நான்கு பேர் அங்கே இருக்கிறார்கள். எனக்கும் ஒரு வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. எண்ணிக்கையில் என் இப்போதைய சம்பளத்தைப் போலத்தான், ஆனால் சிங்கப்பூர் வெள்ளியில். மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் சில இரவுகள் தூங்கவில்லை. துரோகமா என்றெல்லாம் யோசிக்கவில்லை, பாட்டிகூட ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தவர்தான். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் கற்றுக்கொண்டே இருக்கிறோம், ஆனால் கற்றதற்கான விலை ஏன் எப்போதும் அடுத்த ஊரில்தான் கிடைக்கிறது என்றுதான் யோசித்தேன்.

2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொல்கிறது. அடுத்த ஆண்டு அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்திடமிருந்து பத்து ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வடிவமைப்பு நுட்பத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது. தைவான் 1976இல் செய்ததை நினைவூட்டும் வேலை. தாமதம்தான், தவறில்லை. ஆனால் நாட்டின் மொத்த வருமானத்தில் தொழிலாளர் ஊதியமாகப் போவது மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. மடானி பொருளாதாரத் திட்டம் அதை 45 விழுக்காடாக்குவோம் என்கிறது. இந்தக் கடைசி எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். கற்றவனுக்கு உரிய பங்கு கிடைக்காவிட்டால், அறுபதாயிரம் பேரை உருவாக்கி அக்கரைக்கு அனுப்பி வைப்போம். பட்டியலில் நம் இடம் ஏறும், கை காலியாகும்.

போன வாரம் மறுபடி பட்டர்வொர்த் போனேன். சிங்கப்பூர் விஷயத்தைச் சொன்னேன். போ என்றோ இரு என்றோ பெரியம்மா சொல்லவில்லை. புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அங்க போனா உனக்குக் கீழ வர்ற பிள்ளைங்களுக்கு யாருடா இங்க சொல்லிக்கொடுப்பா?" என்றார். பிறகு, "இங்க இருந்தாலும் சொல்லிக்கொடுக்குறதுக்கு உனக்கு என்னத்தக் குடுக்குறாங்க?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இந்த இரண்டாவது கேள்விக்கு நான் மட்டும் பதில் சொல்ல முடியாது. கடிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.